டர்பனில் எங்கள் நிறுவனம் வாங்கிய மென்டாரிங் சேவை: டெஸ்டை விடுங்கள், பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்

டர்பனில் கப்பல் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. 2023 நடுவில் எங்கள் நிறுவனம் வெளியிலிருந்து ஒரு மென்டாரிங் சேவையை வாங்கியது, அதில் நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அதாவது மூத்தவர்களிடம் வழிகாட்டல் பெற்றேன், அதே சமயத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மென்டாராகவும் இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் வேலை பார்க்கிற நண்பர்கள் சிலர், தங்கள் அலுவலகத்துக்கும் இதே மாதிரி ஒன்று வரப்போகிறது, எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடுவது நல்லது.

சேவையின் பெயரை எழுதவில்லை. ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் குறைகளும் சொல்லப்போகிறேன். பெயர் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் விளம்பரத்தில் பார்த்த மற்ற சேவைகளும் இதே நான்கு சரக்கைத்தான் விற்கின்றன: எமோஷனல் இன்டெலிஜென்ஸ் (தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறமை) எவ்வளவு என்று அளக்கும் ஒரு ஆன்லைன் டெஸ்ட், யாருக்கு யார் மென்டார் என்று ஜோடி சேர்க்கும் மென்பொருள், மென்டார்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, சந்திப்புகளைப் பதிவு செய்ய ஒரு செயலி. எங்களுக்கு இது ஆறு மாதத் திட்டமாக வந்தது.

நேரம் இல்லாதவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி அருமை, அதற்காகவே வாங்கலாம். டெஸ்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஜோடி சேர்ப்பதை மென்பொருளிடம் விடவே கூடாது. செயலி பற்றி எச்சரிக்கையாக இருங்கள்.

இனி விவரம்.

டெஸ்டில் ஆரம்பிக்கிறேன். சேர்ந்தவுடன் எல்லோருக்கும் ஒரு இணைப்பு வந்தது. 'மற்றவர்களின் மனநிலை எனக்கு எளிதில் புரிந்துவிடும்', 'கோபமாக இருக்கும்போதும் நான் நிதானமாகப் பேசுவேன்' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நமக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். முடித்ததும் வண்ண வண்ணமாக ஒரு அறிக்கை வரும். தன்னைப் பற்றிய தெளிவு இல்லாதவர்தான் இதில் தயங்காமல் ஐந்து போடுவார் என்பது இதன் அடிப்படைக் கோளாறு. எங்கள் அலுவலகத்தில் போனிலேயே ஆட்களை உலுக்கியெடுக்கிற ஒரு மேலாளர் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினார். கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார், வீட்டில் சாவு விழுந்தாலும் சம்பளத்தில் குளறுபடி வந்தாலும் பாதிப் பேர் முதலில் போய் உட்காருவது அவர் மேஜைக்கு எதிரில்தான், அவர் தனக்கு இரண்டும் மூன்றுமாகப் போட்டுக்கொண்டார். அறிக்கை அவரை 'வளர வேண்டியவர்' என்றது. அதைப் படித்துவிட்டு அவர் மென்டாராகப் பெயர் கொடுக்கவே இல்லை. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம் அதுதான்.

இத்தனைக்கும் எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்ற கருத்தை முதலில் ஆராய்ந்தவர்கள் இதைச் சுயமதிப்பீடாகப் பார்க்கவில்லை. 1990-இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. அவர்கள் இதை ஒரு திறமையாகப் பார்த்தார்கள். பின்னாளில் நான்காகப் பிரித்தார்கள்: உணர்ச்சியை அடையாளம் காண்பது, யோசிப்பதற்கு அதைப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, கையாள்வது. அவர்கள் சேர்ந்து உருவாக்கிய டெஸ்டில் முகங்களின் படத்தைக் காட்டி இதில் என்ன உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள், ஒரு சூழ்நிலையைச் சொல்லி இங்கே எது பலன் தரும் என்று கேட்பார்கள். அதிலும் விமர்சனங்கள் உண்டு, ஆனால் குறைந்தபட்சம் ஆளைச் செய்துகாட்டச் சொல்கிறது. 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் இது அலுவலகங்களுக்குள் பெரிய அளவில் நுழைந்தது, நுழைந்த பிறகு நிறைய மலிவுப் பதிப்புகள் வந்துவிட்டன. எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ஊழியர்களுக்கு உளவியல் டெஸ்ட் வைப்பதையே தடை செய்கிறது. அது அறிவியல்பூர்வமாகச் சரியானது, நம்பகமானது என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லா ஊழியர்களுக்கும் நியாயமாகப் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும், எந்த ஊழியருக்கும் எந்தப் பிரிவினருக்கும் எதிராகச் சாய்ந்திருக்கக் கூடாது, அப்போதுதான் அனுமதி. இந்த நாட்டின் வரலாறு தெரிந்தால் இப்படி ஒரு பிரிவு ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே டெஸ்ட் இணைப்பு வந்தால் எச்.ஆர்.-இடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது இந்தப் பிரிவின்படி சரிபார்க்கப்பட்டதா, முடிவு யார் கையில் போகும். கேட்பது உங்கள் உரிமை. நாங்கள் கேட்ட பிறகு எங்கள் அலுவலகத்தில் டெஸ்ட் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள்.

அடுத்தது ஜோடி சேர்ப்பு. மென்பொருள் எனக்குத் தேர்ந்தெடுத்தவர் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழர், விற்பனைப் பிரிவில் மூத்தவர். எதை வைத்துச் சேர்த்தது என்று பின்னால் விசாரித்ததில், படிவத்தில் 'பின்னணி' என்ற இடத்தில் இருவருமே தமிழ் என்று எழுதியிருந்தோம், வேறு பெரிய காரணம் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் இங்கே வந்து இறங்கினார்கள். அந்த வழி வந்த குடும்பத்தில் இன்று இருப்பவருக்கும், விமானத்தில் வேலை விசாவோடு வந்த எனக்கும் முருகன் ஒன்று, மாரியம்மன் ஒன்று, மட்டன் குழம்புக்கு அலைவது ஒன்று. வேலையில் பட்ட அனுபவம் வேறு வேறு. அவருக்குத் தமிழில் பேச வராது, ஆனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், நான் அண்ணா என்பேன், மீதியெல்லாம் இங்கிலீஷ்.

அண்ணா தங்கமான மனிதர். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். வந்த புதிதில் ஈஸ்டர் நேரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அழைத்துப் போனார், வீடு பார்த்துக் கொடுத்தார், இன்றும் அவர் வீட்டில் விசேஷம் என்றால் எனக்கு ஒரு இலை உண்டு. ஆனால் மென்டாராக அவரால் எனக்கு ஆன உதவி மிகக் குறைவு, காரணம் அவருடைய அன்புதான். அப்போது எங்கள் பிரிவில் டீம் லீட் இடம் காலியாக இருந்தது, நானும் விண்ணப்பித்திருந்தேன். ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்பேன்: "அண்ணா, எனக்கு வாய்ப்பு இருக்கிறதா?" அவர் சொல்வது ஒன்றுதான்: "கவலைப்படாதே தம்பி, உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள், கட்டாயம் கிடைக்கும்." ஒரு முறை மேலாளரோடு எனக்குச் சின்ன உரசல் வந்தது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நேராக மேலாளரிடம் போய் எனக்காகப் பேசிவிட்டு வந்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அதன் பிறகு அந்த மேலாளர் என்னிடம் நேரடியாகப் பேச வேண்டியதையும் அண்ணா வழியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இங்கேதான் நான் இந்த முழு விமர்சனத்திலும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இருக்கிறது. எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்றால் மென்மையாகப் பேசுவது, ஆறுதல் சொல்வது, யார் மனதும் நோகாமல் நடந்துகொள்வது என்று பலர் நினைக்கிறார்கள், இந்தச் சேவையின் விளம்பரமும் அதைத்தான் காட்டுகிறது, சிரித்த முகங்கள், தோளில் கை. ஒரு மென்டாரிடம் இந்தத் திறமை இருக்கிறதா என்று எனக்குத் தெரிவது வேறு இடத்தில்: கேட்பவருக்கு வலிக்கக்கூடிய உண்மையை, அவர் வாங்கிக்கொள்ளும்படி சொல்ல முடிகிறதா? அண்ணாவுக்கு என் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தச் சங்கடம் அவருடையது, அதை அடக்கிக்கொள்ள முடியாமல்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். தன் உணர்ச்சியைத் தானே பார்க்கத் தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல மனது இருந்தாலும் மென்டாரிங் அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் பக்கத்துப் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பெரியவர் ஒருவர் அன்பாகச் சொல்லும்போது "இல்லை அண்ணா, எனக்கு வேறு மாதிரி உதவி வேண்டும்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வருவோம். மரியாதை என்று வளர்ந்த பழக்கம் அது, அதை நான் குறைசொல்ல வரவில்லை, ஆனால் மென்டாருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடுகிறது. மென்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு மென்டிக்கு, அதாவது வழிகாட்டல் பெறுகிறவருக்கு, ஒரு வீடியோவோடு நிறுத்திக்கொள்வது இந்தச் சேவையின் இன்னொரு குறை. பெறுகிறவருக்கும் வேலை இருக்கிறது: எனக்கு இது பயமாக இருக்கிறது, இது கோபமாக இருக்கிறது, நீங்கள் சொன்னது உதவவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல யாராவது பழக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு நல்ல விதி இருந்தது, இதற்காக இந்தச் சேவையைப் பாராட்டியே ஆக வேண்டும். இரண்டு மாதம் கழித்து யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், யார் பேரிலும் குறை எழுதாமல், ஜோடியை மாற்றிக்கொள்ளலாம். ஒருங்கிணைப்பாளர் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, உறவு கெடாமல் முடித்து வைப்பார். எனக்கும் அப்படித்தான் முடித்தார்கள், அண்ணாவோடு இன்றுவரை மனக்கசப்பு இல்லை. உங்கள் அலுவலகத்தில் வாங்கினால் இந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது மென்டாரை நானே கேட்டு வாங்கினேன். கிளியரிங் பிரிவில் ஓய்வுக்கு நெருங்கிய ஒரு ஜூலு பெரியவர். நிறவெறி ஆட்சியின் கடைசி வருடங்களில் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை எழுதும் வேலையில் ஆரம்பித்தவர். எல்லோரும் பாபா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நாங்கள் சந்திக்க ஆரம்பித்த நேரம் மிக மோசமான நேரம். 2023 கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றது ஷிப்பிங்கில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். கிரேன்கள் பழுது, உதிரிபாகம் இல்லை, காற்று வேறு, பியர் 2 என்ற முனையத்தில் கன்டெய்னர் நகரவே இல்லை. கிறிஸ்துமஸ் சரக்கு கடலிலேயே நிற்கிறது, இறக்குமதியாளர்கள் எங்களை அழைத்துக் கத்துகிறார்கள், எங்கள் கையில் எதுவும் இல்லை. ஒரு நாள் அப்படி ஒரு போனை வைத்துவிட்டு நேராக அவர் அறைக்குப் போனேன். போய் உட்கார்ந்ததும் அன்றைய சந்திப்புக்காக எழுதி வைத்திருந்த விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். இப்போது என்ன நடந்தது?"

"ஒன்றுமில்லை பாபா, வழக்கமான போன்தான்."

"வழக்கமான போனுக்குக் கை இப்படி நடுங்காது."

அப்புறம் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்த நேரத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையை, இந்தியாவுக்கே திரும்பிப் போ என்றதை. அவர் ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தானும் இளவயதில் தன் மேலாளர்களிடம் என்னென்ன வார்த்தை கேட்டிருக்கிறார் என்று ஒன்றே ஒன்றைச் சொன்னார், கதையாக நீட்டவில்லை. பிறகு கேட்டார்: "இதில் நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சும்மா கேட்க வேண்டுமா, யோசனை சொல்ல வேண்டுமா, மேலே கொண்டுபோக வேண்டுமா?" இந்த ஒரு கேள்விக்கு நான் இந்தச் சேவையின் முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பேன். மேலே கொண்டுபோகச் சொன்னேன். அந்த வாடிக்கையாளரின் அழைப்புகள் அதன் பிறகு வேறொரு மூத்தவருக்குத் திருப்பிவிடப்பட்டன.

அதே பாபாதான் டீம் லீட் விஷயத்திலும் அண்ணாவால் முடியாததைச் செய்தார். "இந்த முறை உங்களை எடுக்க மாட்டார்கள்" என்றார் நேராக. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் அவசரப்படாமல் காத்திருந்தார், நான் ஏன் என்று கேட்கும் வரை. "உங்களுக்கு ஆவண வேலை இந்தத் தளத்திலேயே எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய வாடிக்கையாளர் முன்னால் நீங்கள் தனியாக உட்கார்ந்து பேசியதை யாரும் பார்த்ததில்லை. அந்த வாய்ப்பு உங்களுக்குக் கொடுக்கப்படவும் இல்லை. அதைக் கேட்டு வாங்குவோம்." கேட்டு வாங்கவும் செய்தார், தன்னோடு கூட்டங்களுக்கு அழைத்துப் போனார், இரண்டாவது கூட்டத்திலேயே பேச்சை என்னிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அலுவலக மென்டாரிங் பற்றி 1980-களில் ஆராய்ந்த கேத்தி கிராம், மென்டார் செய்யும் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தொழில் சார்ந்தது: சவாலான வேலை வாங்கித் தருவது, பெரியவர்கள் கண்ணில் படவைப்பது, அடி விழும்போது காப்பது. மற்றது மனம் சார்ந்தது: ஏற்றுக்கொள்வது, மனம்விட்டுப் பேச இடம் தருவது, முன்மாதிரியாக இருப்பது. இந்தச் சேவை இரண்டாவதை மட்டும் எமோஷனல் இன்டெலிஜென்ஸ் கணக்கில் எழுதுகிறது. பாபாவைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கூட்டத்தில் எப்போது என்னிடம் பேச்சை விட வேண்டும், எதிரே இருப்பவர் எந்த மனநிலையில் இருக்கிறார், நான் தாங்குவேனா என்று கணித்ததும் அதே திறமைதான்.

ஜோடி சேர்ப்பில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், லேசாகக் கடந்து போக முடியாத விஷயம். 2021 ஜூலை கலவரத்தில் எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்திலும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலும் 350-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்ட பிறகு இந்தியர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகங்களில் வந்த மௌனம் இன்னும் முழுதாகக் கலையவில்லை, ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், மதியம் தனித்தனி மேஜை. இந்த ஊரில் மென்டாரிங் விற்க வருபவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். 'பின்னணி ஒன்றாக இருந்தால் நம்பிக்கை வரும்' என்று கணக்குப் போடும் மென்பொருள் அந்தத் தனித்தனி மேஜைகளை அப்படியே நிலைக்க வைக்கிறது. எங்கள் திட்டத்தில் மிக நன்றாக நடந்த ஜோடிகள் பலவும், மென்பொருளை விட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்து பேசிச் சேர்த்தவை.

இப்போது பயிற்சி. இதற்கு முழு மதிப்பெண். நடத்தியவர் பல வருடம் சிசிஎம்ஏ-வில், அதாவது தொழிலாளர் தகராறுகளுக்கு இங்கே எல்லோரும் போகும் சமரச ஆணையத்தில், சமரச வேலை பார்த்தவர். ஸ்லைடு காட்டவே இல்லை. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து நடிக்க வைத்தார், நடித்து முடித்ததும் நாங்கள் எந்த இடத்தில் எதிராளியைப் பேச விடாமல் வெட்டினோம் என்று காட்டினார். அறிவுரை சொல்வதற்கு முன் அனுமதி கேட்பது. மௌனத்தை நிரப்பாமல் இருப்பது. சந்திப்புக்குள் போகும் முன் ஒரு நிமிடம் நின்று, இப்போது நான் என்ன மனநிலையில் இருக்கிறேன், அதை உள்ளே கொண்டுபோகலாமா என்று பார்ப்பது. 'உனக்குக் கோபம்' என்று அடுத்தவர் உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது. இவை எல்லாம் பழக்கத்தில் வருகிற கைவேலை, மதியத்துக்குள் அறையில் இருந்த பாதிப் பேரிடம் மாற்றம் தெரிந்தது. அந்த உலுக்கியெடுக்கும் மேலாளரும் இருந்தார். மற்றவர் பேசி முடிக்கும் வரை அவர் காத்திருந்ததை நான் முதல்முறை பார்த்தது அங்கேதான்.

அதில் கற்றதை நான் உடனே பயன்படுத்த வேண்டி வந்தது. எனக்கு மென்டியாக வந்தவர் டர்பனை ஒட்டிய உம்லாசியிலிருந்து வரும் கறுப்பினப் பெண், வேலையோடு பயிற்சி தரும் லேர்னர்ஷிப்பில் சேர்ந்தவர், என்னைப் பூத்தி (ஜூலுவில் சகோதரன்) என்பார். வேலையில் கெட்டிக்காரி, ஆனால் மதியத்துக்கு மேல் கவனம் போய்விடும். சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். கோடில் முதல் ஆறு இலக்கம் சரியாக இருக்கும், இங்கே சேர்க்கும் கடைசி இரண்டு இலக்கத்தில் தப்பு வரும், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டால் அபராதம் வரை போகும். மேலாளர் 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று எழுதிவிட்டார். நான் கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில். பயிற்சியில் சொன்னபடி, பார்த்ததை மட்டும் சொன்னேன்: "மூன்று மணிக்கு மேல் நீங்கள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், வீட்டுக்குப் போக இரண்டு மினிபஸ் டாக்ஸி மாற வேண்டும், அவை மாறும் வார்விக் ஜங்ஷனில் இருட்டிய பிறகு தனியாக நிற்கப் பயம், ஒரு முறை போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வேலை நேரத்தை முன்னால் தள்ளி நாலு மணிக்கு விடும்படி ஏற்பாடு செய்தோம். அதோடு விடவில்லை, அடுத்த சந்திப்பில் இலக்கத் தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினேன், இப்படியே போனால் நிரந்தர வேலை கிடைக்காது என்பதையும் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இப்போது புதிதாக வருபவர்களுக்கு டாரிஃப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான்.

செயலியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மனநிலைக்கு ஒரு பொம்மை முகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, குறிப்பு எழுதச் சொல்கிறது. யார் படிப்பார்கள் என்று எங்கேயும் தெளிவாக எழுதவில்லை. பாப்பியா என்று இங்கே எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1-இலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் வழி உண்டு. எனக்கும் பாபாவுக்கும் நடந்த பேச்சில் ஒரு வரியைக்கூட நாங்கள் செயலியில் எழுதவில்லை, தேதியை மட்டும் போட்டோம். மென்டாரிடம் சொன்னது எச்.ஆர். மேஜைக்குப் போகும் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

பெண் மென்டார்கள் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அலுவலகத்தில் பெண் மென்டார்களிடம் அவர்களுடைய மென்டிகள் மட்டுமல்ல, மற்றவர்களின் மென்டிகளும் போய் அழுதார்கள். உணர்ச்சியைக் கையாள்வதும் ஒரு உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இலேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதிவிட்டார். அந்த உழைப்பு வேலைநேரக் கணக்கில் வர வேண்டும். மென்டார் வேலைக்காக அவர்களுடைய வழக்கமான இலக்கில் ஒரு துளியும் குறைக்கவில்லை. இது சேவையின் குறையல்ல, எங்கள் நிறுவனத்தின் குறை, ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது சேவைதான்.

கடைசியாக ஒரு பெரிய ஓட்டை. ஆறாவது மாதம் முடிந்த அன்று 'உங்கள் பயணம் நிறைவுற்றது' என்று ஒரு மின்னஞ்சல், ஒரு சான்றிதழ், முடிந்தது. மென்டாரிங் உறவுக்கு ஆரம்பம், வளர்ச்சி, பிரிவு, பிறகு வேறு விதமான உறவு என்று கட்டங்கள் உண்டு என்று மேலே சொன்ன கிராம் எழுதியிருக்கிறார். அந்தப் பிரிவுக் கட்டம் இந்தத் திட்டத்தில் கிடையாது. பாபா தானாகவே ஒரு கடைசிச் சந்திப்பு வைத்தார், எது உதவியது, எது உதவவில்லை, இனி எதற்கு என்னிடம் வரலாம், எதற்கு வேறு யாரிடம் போக வேண்டும் என்று பேசி முடித்தோம். மற்ற ஜோடிகள் பலருக்கு அது கிடைக்கவில்லை. சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு பையன் மூன்று வாரம் கழித்துத் தன் மென்டார் அறைக்குப் போகலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டான். அந்த வயதில் அப்படிக் கேட்க வைக்கக் கூடாது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும், மூத்தவர்கள் ஓய்வுபெறப் போகும் அலுவலகங்களுக்கு நிச்சயமாக. சின்ன அலுவலகம் என்றால் பயிற்சியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதம் திறன் மேம்பாட்டு வரியாக ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், அதிலிருந்து பயிற்சிக்கு என்ன திரும்ப வாங்கலாம் என்று உங்கள் துறையின் பயிற்சி அமைப்பான செட்டாவிடம் விசாரியுங்கள். எங்களுடையது போக்குவரத்துத் துறை, டெட்டா. கையெழுத்துப் போடும் முன் பயிற்சி நடத்துபவரை நேரில் பார்த்துப் பேசுங்கள், விற்க வருபவரோடு பேசி முடிவு செய்யாதீர்கள், எங்களுக்கு அமைந்த ஆள் உங்களுக்கும் அமைவார் என்று நிச்சயமில்லை.

அடுத்த சுற்றுக்கு எங்கள் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்: டெஸ்ட் வேண்டாம், மென்டிகளுக்கும் ஒரு நாள் பயிற்சி வேண்டும், முடிவுச் சந்திப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும், கணக்குப் பிரிவு அக்காவை ஒருங்கிணைப்பாளர் நேரில் போய் அழைக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் விலை கேட்டிருக்கிறார்கள். நான்காவதற்கு அக்கா சரி சொல்லிவிட்டார்.